நியூரம்பர்க்கில் நாஜி காலக் கட்டடங்களை அரை நாளில் பார்க்க முடியுமா?

முடியும். நாஜிக் கட்சி மாநாட்டுத் திடல் பழைய நகருக்குத் தென்கிழக்கே இருக்கிறது. மத்திய ரயில் நிலையத்திலிருந்து 8ஆம் எண் டிராமில் டோக்கு-சென்ட்ரும் நிறுத்தத்தில் இறங்குங்கள்.

எதிரே தெரிவது காங்கிரஸ் மண்டபம், அதாவது நாஜிக் கட்சியின் மாநாட்டு மண்டபம். 50,000 பேருக்காகத் திட்டமிட்டார்கள், கூரை போடாமலே நின்றுபோனது. வெளிப்பக்கம் கருங்கல் பலகை. உள்முற்றத்தில் வெறும் செங்கல். பிரம்மாண்டமெல்லாம் மேற்பூச்சுதான் என்று அங்கேயே புரிந்துவிடும். 2001இல் இங்கே திறந்த, நாஜி வரலாற்றைச் சொல்லும் ஆவண மையத்துக்காக கட்டடக் கலைஞர் குந்தர் டோமெனிக் இந்தச் சுவரைக் கண்ணாடி, எஃகு நடைபாதையால் குறுக்காகக் கிழித்திருக்கிறார். சீரமைப்பு வேலை நடந்துவருவதால் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று முன்பே பாருங்கள்.

அடுத்து 60 மீட்டர் அகல அணிவகுப்புச் சாலை. அதன் நேர்கோடு பழைய நகரில் அக்காலப் பேரரசர்கள் தங்கிய கோட்டையை நோக்கிப் போகிறது. பேரரசுகளின் வாரிசு நாங்களே என்று காட்டும் ஏற்பாடு. பக்கத்திலுள்ள சில்பர்சே ஏரி, கட்டப்படாத ஸ்டேடியத்தின் அஸ்திவாரக் குழி. நீரில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருப்பதால் இறங்கவே கூடாது.

காங்கிரஸ் மண்டபத்தை ஒட்டிய பெரிய டுட்சென்டைஷ் ஏரியைச் சுற்றினால், ஹிட்லரின் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் ஸ்பேர் வடிவமைத்த செப்பலின் பார்வையாளர் மேடை. உச்சியிலிருந்த ஸ்வஸ்திகாவை 1945 ஏப்ரலில் அமெரிக்க ராணுவம் வெடிவைத்துத் தகர்த்தது. தூண்வரிசைகள் 1967இல் இடிக்கப்பட்டன. சுண்ணாம்புக்கல் பலகைகளுக்குப் பின்னால் மழைநீர் புகுந்து, குளிர்காலத்தில் உறைந்து, கல்லைப் பெயர்க்கிறது. வேலியிட்ட படிகளில் ஏறாதீர்கள்.

விளையாட்டுக்குக்கூட அங்கே நாஜி சல்யூட் அடித்துப் படமெடுக்காதீர்கள். ஜெர்மனியில் அது குற்றம், சுற்றுலாப் பயணிகளும் சிக்கியிருக்கிறார்கள்.

நேரம் மிஞ்சினால் யூ1 மெட்ரோவில் பேரன்ஷான்ஸே போய், போர்க்குற்ற விசாரணை நடந்த 600ஆம் எண் நீதிமன்ற அறையையும் பாருங்கள்.