கார்லைல் பையன்களின் ஆட்டம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

விளையாட்டு பற்றிய உங்கள் கட்டுரையில் அமெரிக்காவின் கார்லைல் பள்ளியின் 1912 கால்பந்து அணியைப் போகிற போக்கில் புகழ்ந்திருந்தீர்கள். செவ்விந்தியப் பிள்ளைகளின் முடியை வெட்டி, தாய்மொழி பேசினால் தண்டித்த பள்ளி அது. அந்த அணியைக் கொண்டாடுவது பள்ளியைக் கொண்டாடுவது ஆகாதா? வெள்ளையருக்கு அவர்கள் காட்டிய வேடிக்கைதானே அந்த ஆட்டம்?

கே.

அன்புள்ள கே.,

பள்ளியைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லையும் மறுக்க மாட்டேன். 1879-இல் பென்சில்வேனியாவில், பழைய ராணுவப் பாசறையொன்றில் ரிச்சர்ட் பிராட் என்ற அதிகாரி தொடங்கியது. ‘இந்தியனைக் கொன்று மனிதனைக் காப்பாற்று’ என்பதுதான் அவர் கொள்கை. வீடு திரும்பாமல் அங்கே புதைக்கப்பட்ட பிள்ளைகள் மட்டும் 180-க்கு மேல்.

ஆனால் ‘வேடிக்கை’ என்ற சொல்லில் இடறுகிறது. அந்த ஆட்டத்தை அவர்கள்மேல் யாரும் திணிக்கவில்லை. ஒரு பையனுக்குக் கால் முறிந்ததும் வெளி அணிகளோடு ஆடுவதற்கே பிராட் தடை போட்டுவிட்டார். நாற்பது மாணவர்கள் அவர் அறைக்குப் போய் நின்று, வாதாடி, ஆட்டத்தைத் திரும்ப வாங்கினார்கள். தங்கள் பெயரைக்கூடத் தாங்கள் தேர்ந்தெடுக்க முடியாத இடத்தில் அவர்களாகக் கேட்டு வாங்கியது அது. (அமெரிக்கக் கால்பந்து, நம்மூர்க் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தை அணைத்துக்கொண்டு மோதி முன்னேறும் ஆட்டம். பெயரைக் கேட்டு நானும் வெகுகாலம் ஏமாந்திருக்கிறேன்.)

1903-இல் ஹார்வர்டுக்கு எதிரே நடந்ததைப் பாருங்கள். இடைவேளை முடிந்து ஹார்வர்டு உதைத்த பந்தை ஜிம்மி ஜான்சன் பிடிக்கிறார். கார்லைல் ஆட்கள் அவரைச் சுற்றிக் கூடுகிறார்கள். சார்லஸ் டில்லனின் சட்டைக்குள், முதுகுப் பக்கம், பந்து செருகப்படுகிறது. அதற்காகவே அந்தச் சட்டையில் முன்கூட்டியே எலாஸ்டிக் வைத்துத் தைத்திருந்தார்கள்! கூட்டம் கலைந்து திசைக்கொருவராக ஓட, டில்லன் இரண்டு கையையும் வீசிக்கொண்டு நேரே ஓடுகிறார். வெறுங்கையோடு ஓடுகிறவனை யார் மறிப்பார்? எல்லையைத் தாண்டிய பிறகுதான் ஹார்வர்டுக்கு விளங்கியது. ஆட்டத்தில் 12–11 என ஹார்வர்டே ஜெயித்தது. இன்றைக்கும் பேசுவது அந்த முதுகைப் பற்றித்தான்.

1912-க்கு வருகிறேன். கார்லைல் கல்லூரியே இல்லை, தொழிற்கல்வி விடுதிப் பள்ளி. ஆனாலும் எதிரே நின்றவை பெரும்பாலும் கல்லூரிகள். 14 ஆட்டத்தில் 12 வெற்றி, ஒரு சமன், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் மட்டும் தோல்வி. ஜூலையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கிய ஜிம் தோர்ப், இலையுதிர்காலத்தில் பள்ளிச் சட்டையோடு மைதானத்தில் நின்றார். நவம்பர் 9 அன்று வெஸ்ட் பாயின்ட்டில் அமெரிக்க ராணுவ அகாடமியோடு ஆட்டம். அந்த அணியில் ஐசன்ஹோவரும் இருந்தார், பின்னாளில் ஜனாதிபதி ஆனவர். பாதி ஆட்டத்தில் கார்லைல் 7–6 என முன்னால் இருந்தது. பிறகு ராணுவத்துக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. கார்லைலின் ஜோ கயானைச் சமாளிக்க முடியாத ராணுவ அணித் தலைவர் டெவோர் முரட்டுத்தனம் காட்டி வெளியேற்றப்பட்டார். முடிவு 27–6.

இதை, 1890-இல் அமெரிக்க ராணுவம் செவ்விந்தியரைச் சுட்டுக் கொன்ற வூண்டட் நீ படுகொலைக்குப் பழிவாங்கியதாக எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. பீரங்கிக்கு 27 புள்ளி ஈடாகுமா? அவர்கள் நன்றாக ஆடினார்கள், அவ்வளவுதான். அது எனக்குப் போதும்.

ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் வருகிறேன். ஆட்டங்கள் பெரும்பாலும் வெளியூர்களில் நடந்ததற்குக் காரணம் டிக்கெட் வசூல். பணம் பள்ளியின் விளையாட்டு நிதிக்குப் போனது. சிறுதொகைக்கு பேஸ்பால் ஆடியிருந்தார், ஆகவே தொழில்முறை ஆட்டக்காரர் என்று சொல்லி 1913-இல் தோர்ப்பின் பதக்கங்களைப் பறித்தார்கள். பயிற்சியாளர் பாப் வார்னர் தனக்கு எதுவும் தெரியாது என்றார். நான் நம்பவில்லை.

ஆனால் அந்தப் பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை, கே. பள்ளி நிர்வாகத்தை விசாரிக்கச் சொல்லி மாணவர்களிடம் கையெழுத்து வாங்கி மனு அனுப்பியவர் கஸ் வெல்ச். 1914-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் குழு விசாரிக்க வந்தது. வார்னர் வீரர்களை எப்படி நடத்தினார் என்று வெல்ச் அதன் முன்னால் சாட்சி சொன்னார். வெஸ்ட் பாயின்ட்டில் அன்று குவார்ட்டர்பேக்காக நின்று அணியை நடத்தியவரும் அவர்தான்.