உழைக்கிறவருக்கும் உழைக்காதவருக்கும் ஒரே இன்கிரிமென்ட்டா?

கேள்வி: மத்திய அரசு அலுவலகத்தில் எல்லாருக்கும் ஒரே சம்பள உயர்வு. அப்புறம் யார்தான் கூடுதலாக உழைப்பார்கள்?
– வாசகி, திருச்சி

பதில்: ஆண்டுக்கு 3 சதவீத இன்கிரிமென்ட் ஏறக்குறைய எல்லாருக்கும் வந்துவிடுகிறது, உண்மைதான். ஆனால் ஆளைச் சோர வைப்பது அது மட்டும் இல்லை. ரகசியக் குறிப்பேட்டை, அதாவது ஊழியரின் வேலையைப் பற்றி மேலதிகாரி ஆண்டுதோறும் எழுதும் மதிப்பீட்டு அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள், பாதகமாக எழுதினால் ஒழிய மேலதிகாரி என்ன எழுதினார் என்பதே முன்பு ஊழியருக்குத் தெரியாது. பதவி உயர்வு கைநழுவிய பிறகுதான், ‘மிக நன்று’ வேண்டிய இடத்தில் தனக்கு வெறும் ‘நன்று’ போட்டிருந்தது தெரியவரும். 2008-ல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மதிப்பீட்டையும் தெரிவிக்கச் சொன்னது, மறு ஆண்டே மத்திய அரசும் முழு அறிக்கையையும் காட்ட உத்தரவிட்டது. எங்கே குறை என்று தெரிந்தால்தானே திருத்திக்கொள்ள முடியும்?

இடமாற்றம் இன்னும் மோசம். வேலையைக் கற்று நிமிர்வதற்குள் ஆளைத் தூக்கிவிட்டால், அடுத்து வருபவர் அந்தக் கோப்பை முதலிலிருந்து படிக்க வேண்டும், மனுக் கொடுத்தவர் மறுபடி அலைய வேண்டும். ஐஏஎஸ் போன்ற அதிகாரிகளுக்குக் குறைந்தபட்சப் பணிக்காலம் வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அது கிளார்க்குக்கும் வேண்டும் என்பேன், கோப்பு முதலில் நகர்வது அவர் மேஜையில்தான்.