சென்னையில் வாடகை வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்களே, சட்டம் இதை அனுமதிக்கிறதா?

மூன்று மாதம்தான் என்கிறது சட்டம், ஆனால் அதிலேயே ஒரு ஓட்டையும் இருக்கிறது. 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. கூடவே 'வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய' என்று ஒரு வாலையும் சேர்த்துவிட்டார்கள், அதனால் பத்து மாதம் என்று எழுதிய பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் சட்டம் பேசினால் எடுபடுவது கஷ்டம். பேரம் பேசுவதாக இருந்தால் கையெழுத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். 15,000 ரூபாய் வாடகைக்குப் பத்து மாதம் என்றால் ஒன்றரை லட்சம், அதுவும் வட்டியில்லாமல் ஓனரிடம் முடங்கிக் கிடக்கும்! ஐந்தாறு மாதத்துக்கு இறங்கி வருகிறவர்களும் இருக்கிறார்கள், கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

உண்மையான தலைவலி காலி செய்யும்போதுதான். வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும் என்பது சட்டம். நடப்பதோ வேறு: பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். நான் இருந்த வீட்டில், எனக்கு முன்னாடி இருந்தவர் அடித்த ஆணி ஓட்டைகளுக்கும் என் கணக்கில்தான் கழித்தார்கள். அன்றிலிருந்து சாவி வாங்கிய அன்றே சுவர், குழாய், ஸ்விட்ச் போர்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன்.

பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாகவே அனுப்புங்கள். பெயின்ட்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.