இடுப்பு மூட்டு மாத்துன இடத்துல உலோகம் அரிக்குமா? எக்ஸ்ரே நல்லா இருந்தும் அப்பாவுக்கு ஏன் வலிக்குது?

உங்க அப்பாவுக்கு மாத்தி ஏழு வருசம்னு போட்டிருக்கீங்க, எக்ஸ்ரே சுத்தமா இருக்கு, டாக்டர் வயசுக் கோளாறுன்னு அனுப்பிட்டாரு, உள்ள இருக்குற உலோகம் அரிச்சு வலி வருமான்னு கேக்குறீங்க. வரும். எக்ஸ்ரேல ஒண்ணுமே தெரியாமயும் வரும். நான் டாக்டர் இல்ல, தோட்டத்து ஆபீஸ்ல கிராணி (கிளார்க்), அதனால "கூகுள் டாக்டர் வந்துட்டாரு"ன்னு கீழ எழுதுறவங்க இப்பவே எழுதிக்குங்க. எங்க வீட்ல நடந்தத மட்டும் சொல்றேன்.

நாங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம். அம்மா கித்தா (ரப்பர்) மரத்துல பால் வெட்டுனவங்க, தோட்டம் செம்பனைக்கு மாறுன பிறகு உரம் போட, உதிரிப் பழம் பொறுக்கன்னு போனாங்க, இடுப்பு தேஞ்சே போச்சு. நானும் தங்கச்சியும் காசு போட்டு பிரைவேட்ல மாத்துனோம். சில வருசம் அருமையா இருந்துச்சு, கோயில் திருவிழா அன்னதானத்துல பந்தி பூரா நின்னு பரிமாறுவாங்க. அப்புறம் கவட்டைல வலி. காடில ஏறும்போது ஒரு கையால தொடையத் தூக்கித்தான் உள்ள வைப்பாங்க. ஆப்பரேசன் பண்ணுன பக்கத்துல மெத்துன்னு ஒரு வீக்கம் வேற. திரும்பத் திரும்ப போனோம், ஒவ்வொரு தடவயும் எக்ஸ்ரே, ஒவ்வொரு தடவயும் "பாகுஸ்" (மலாய்ல நல்லாருக்குன்னு அர்த்தம்), வலி மாத்திர, பில்லு.

நான் அப்ப தேடிப் படிச்சதுல மொதல்ல வந்தது 2010 ஆகஸ்ட் கதை. டெபுய் கம்பெனியோட ஏஎஸ்ஆர்ங்குற மூட்ட உலகம் பூரா திரும்ப வாங்குனாங்க, அதுக்குள்ள சுமார் 93,000 பேருக்குப் போட்டாச்சு. அதுல தொடை எலும்பு மேல வர்ற பந்தும் உலோகம், அது சுத்துற கிண்ணமும் உலோகம், ரெண்டும் உரசி கோபால்ட்டும் குரோமியமும் தூளா சதைக்குள்ள எறங்குச்சு. எங்க அம்மாவுக்குப் போட்டது அது இல்ல, தயவு செஞ்சு கலந்துக்காதீங்க. இதப் பத்திக் கேட்டதுக்கு பழைய டாக்டர் சிரிச்சுட்டு, "உங்க அம்மாவுக்கு கிண்ணம் பிளாஸ்டிக், அந்தப் பிரச்சனையே வராது"ன்னு சொல்லிட்டாரு. நெறைய பேர் இங்கதான் நின்னுடுறாங்க, நீங்க நின்னுடாதீங்க.

அப்புறம் அரசாங்க ஆஸ்பத்திரி பாக்கார் (ஸ்பெசலிஸ்ட்) கிளினிக்ல ஒரு சின்ன வயசு லேடி டாக்டர், தெமு ஜன்ஜி (அப்பாயின்ட்மென்ட்) கெடைக்க ரொம்ப நாளாச்சு, ஆனா அவங்க எக்ஸ்ரேவ ஓரமா வச்சுட்டு "ஆப்பரேசன் நோட்ல ஒட்டுன ஸ்டிக்கர் எங்க?"ன்னு கேட்டாங்க. பெட்டில இருந்து உரிச்சு ஒட்டுற ஸ்டிக்கர், எந்தச் சாமான், என்ன சைசு, என்ன உலோகம் எல்லாம் அதுல இருக்கும். பழைய எடத்துல அத வாங்குறதுக்குள்ள தங்கச்சிக்கும் கவுண்டர் ஆளுக்கும் சண்டையே வந்துருச்சு. தொடை எலும்புக்குள்ள எறக்குற தண்டு டைட்டானியம், பந்து கோபால்ட் குரோமியம், 36 மில்லிமீட்டர், கிண்ணத்துக்குள்ள பிளாஸ்டிக்.

மம்பட்டில காம்ப எப்படி இறுக்கி அடிக்கிறோம், அந்த மாதிரி தண்டோட கழுத்துல பந்த அடிச்சு மாட்டியிருப்பாங்களாம். நடக்க நடக்க அந்த எடம் கண்ணுக்குத் தெரியாத அளவு ஆடும், உலோகத்து மேல இருக்குற மெல்லிசு காப்புப் படலம் உரிஞ்சுகிட்டே இருக்கும், இடுக்குல உடம்புத் தண்ணி தேங்கி அரிக்கும். பந்து பெருசா இருந்தா அந்தக் கழுத்துல பாரம் கூடும். அதனால கிண்ணம் பிளாஸ்டிக்கா இருந்தா மட்டும் தப்பிச்சோம்னு இல்ல.

ரத்தம் எடுத்தாங்க. ஊசியோட உலோகமே கலந்துரும்னு மொதல்ல வந்த ரத்தத்த ஒதுக்கிட்டு, தனி டியூப்ல எடுத்து வேற லேபுக்கு அனுப்புனாங்க. பந்து, கிண்ணம் ரெண்டுமே உலோகமா வச்சவங்களுக்கு இங்கிலாந்துல கோபால்ட்டோ குரோமியமோ லிட்டருக்கு 7 மைக்ரோகிராமுக்கு மேல போனா கவனின்னு சொன்னாங்க. பிளாஸ்டிக் கிண்ணத்துக்காரங்களுக்கு அவ்வளவு தேவையில்ல, கோபால்ட் 1 தாண்டி, குரோமியத்த விட நல்லாவே கூட இருந்தாலே கழுத்து அரிக்குதான்னு சந்தேகப்படணுமாம். அம்மாவுக்கு கோபால்ட் 6க்கு மேல, குரோமியம் 1 கூட இல்ல. அப்புறம் உலோகம் உள்ளவங்களுக்குன்னே செட்டிங் மாத்தி எம்ஆர்ஐ எடுத்ததுல இடுப்பு ஓரமா பை மாதிரி தண்ணி. கிருமியான்னு பாக்க உறிஞ்சியும் எடுத்தாங்க, இந்தப் பரிசோதனைய மட்டும் விட்றாதீங்க, ஏன்னா சீழ் பிடிச்சாலும் இதே வலிதான், வைத்தியம்தான் வேற.

கிருமி இல்ல, கழுத்துதான் அரிச்சிருக்குன்னு திரும்ப ஆப்பரேசன் பண்ணாங்க, முடிஞ்சு போன்ல போட்டோ காட்டுனாங்க. பந்துக்கு உள்பக்கத்துல, கழுத்து மாட்டுற ஓட்டையச் சுத்தி கறுப்பா பசை அப்பியிருந்துச்சு. துணியால தொடைச்சா துணியும் கறுப்பு. தண்டு எலும்போட நல்லா ஒட்டியிருந்ததால அதப் புடுங்கல, கழுத்த சுத்தம் பண்ணி டைட்டானியம் உறை வச்ச செராமிக் பந்து போட்டு, பிளாஸ்டிக்கையும் மாத்தினாங்க. வலி போச்சு. ஆனா பக்கத்துத் தசை கொஞ்சம் செத்துப் போயிருந்துச்சு, அது திரும்பல, அம்மா இப்பவும் சாஞ்சுதான் நடக்குறாங்க. அந்த "பாகுஸ்" வருசங்கள்ல அழிஞ்ச தசை அது, எனக்கு இன்னும் ஆறல.

இதுல இன்னொரு கூத்து. விசயம் வெளிய தெரிஞ்சதும் லயத்துல கூட இருந்த ஒரு அக்கா ஜூஸ் பாட்டில் தூக்கிட்டு வந்துட்டாங்க, உடம்புல இருக்குற உலோகத்த எல்லாம் இழுத்துருமாம், ஒரு பாட்டில் 180 வெள்ளி (ரிங்கிட்)! நம்ம ஆளுங்களே நம்ம கெழவிங்க தலைல கட்டுறாங்க. தோட்டத்துல வெயில்ல நின்னு சேத்த காசு, மேல இருக்குற ஏஜென்ட் புதுக் காடி வாங்குறாரு. அரிக்கிறது உள்ளயே இருக்கும்போது ஜூஸ் குடிச்சு என்ன ஆகப் போவுது? அந்தப் பந்தக் கழட்டுன பிறகு கோபால்ட் தானா எறங்குச்சு, சிறுநீர்ல போயிரும். அதனாலதான் சிறுநீரகம் பழுதானவங்களுக்கு அளவு கூடும், உங்க அப்பாவுக்கு இனிப்பு நீர் (சக்கர வியாதி) இருந்தா கிட்னியும் பாத்துருங்க.

பயமுறுத்துறேன்னு சொல்லாதீங்க, மூட்டு மாத்துன பெரும்பாலானவங்க நல்லாத்தான் இருக்காங்க. 1960கள்ல கனடாவுல கியூபெக்ல பீர் நுரை நிக்கணும்னு கோபால்ட் கலந்து, நெறைய குடிச்சவங்களுக்கு இதயமே கெட்டுப் போச்சு, மூட்டுல இருந்தும் அந்த மாதிரி வரலாம், காது கண்ணு கூட பாதிக்கலாம், ஆனா அதெல்லாம் பொதுவா அளவு ரொம்ப ரொம்ப ஏறுனவங்களுக்கு. அம்மாவுக்கு இதயம், காது ரெண்டும் பாத்தாங்க, ஒண்ணும் இல்ல.

நாளைக்கே அந்த ஸ்டிக்கர் நகல கேட்டு வாங்குங்க. தர மாட்டேன்னா எழுதிக் குடுத்துக் கேளுங்க, வாயால கேட்டா "ஃபைல் கெடைக்கல"ன்னுதான் பதில் வரும். எந்த ஆஸ்பத்திரின்னு இன்பாக்ஸ்ல கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.