அழுகை வராவிட்டால் விடுங்கள்

கேள்வி: எங்கள் நாடகக் குழுவில் சோகக் காட்சி என்றாலே, இறந்துபோன என் அப்பாவை நினைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆரம்பத்தில் அழுகை வந்தது, இப்போது வருவதில்லை, மனசுதான் நொந்துபோகிறது. வேறு வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. அப்பாவை விட்டுவிடுங்கள்.

நியூயார்க்கின் குரூப் தியேட்டர் என்ற நாடகக் குழுவில் இயக்குநர் லீ ஸ்ட்ராஸ்பெர்க், நடிகர்களின் சொந்த நினைவுகளைக் கிளறி உணர்ச்சியை வரவழைக்கும் பயிற்சி கொடுத்து வந்தார். அங்கே நடித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா அட்லருக்கு அது ஒத்துவரவில்லை. 1934-ல் பாரிஸில், அந்தப் பயிற்சிக்கு மூலமான ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியையே நேரில் பார்த்து, சில வாரங்கள் அவரிடம் பயின்று திரும்பினார். பாத்திரம் எந்தச் சூழ்நிலையில் இருக்கிறது, அங்கே என்ன செய்கிறது, அதில்தான் நடிப்பு இருக்கிறது என்று சக நடிகர்களிடம் சொன்னார். பின்னாளில் ஹாலிவுட் நடிகர் மார்லன் பிராண்டோவுக்கு அவர்தான் ஆசிரியர்.

நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தில் கதாநாயகி நோரா ஆடுகிற காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கணவனின் உயிரைக் காப்பாற்ற அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுக் கடன் வாங்கியவள் அவள், அதை அம்பலப்படுத்தும் கடிதம் தபால் பெட்டிக்குள் கிடக்கிறது, சாவியோ கணவனிடம். அவன் பெட்டியைத் திறக்கப் போகிறான், உடனே இவள் பியானோவை வாசித்து, எனக்கு நடனம் சொல்லிக்கொடு என்று அவனைப் பிடித்து நிறுத்தி, வெறி பிடித்தவள்போல ஆடுகிறாள். இங்கே நீங்கள் பயத்தை வரவழைக்கவே வேண்டாம், அவனைப் பெட்டிப் பக்கம் போகவிடாமல் தடுத்தால் போதும். அந்தப் பெட்டியின் கண்ணாடி வழியே கடிதம் தெரிவதை மட்டும் மனசில் தெளிவாகப் பாருங்கள், உடம்பு தானாகப் பதறும். நாளைக்கும் அதே பதற்றம் வரும், ஏனென்றால் தடுக்க வேண்டிய ஆள் நாளைக்கும் எதிரே நிற்பான்!

கேள்வி: வசனத்தை முதலில் மனப்பாடம் செய்துவிடலாமா?

பதில்: வேண்டாம். முதலில் முழு நாடகத்தையும் படியுங்கள், மற்றவர்கள் பேசுவதையும் சேர்த்து. கணவன் சம்மதமில்லாமல் மனைவி கடன் வாங்க முடியாது என்பது நோராவின் வசனமே இல்லை, அவளுடைய தோழி சொல்வது. நாடகம் வந்தது 1879-ல். அந்தக் காலத்துச் சட்டம் என்ன, பெண் கையில் எவ்வளவு பணம் புழங்கியது என்றும் தேடிப் பாருங்கள். அப்புறம் வசனத்துக்கு வாருங்கள்.