பர்ஜ் என்றால் பேதி மட்டும்தானா?

அகராதியில் பர்ஜ் (purge) என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பேதி என்று போட்டிருக்கிறது, திருவாரூர் பக்கம் எரிவாயுக் குழாய் வேலையிலும் அதே சொல் அடிபடுகிறதே, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரிதான். உள்ளே தங்கக் கூடாததை முழுசாக வெளியேற்றுவதுதான் அடிப்படை.

நம் தஞ்சாவூர்ப் பக்க வீடுகளில் பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் கொடுப்பார்களே, அதுதான் இந்தச் சொல்லின் மருத்துவ அர்த்தம். அந்த எண்ணெயிலிருந்து பிரியும் ரிசினோலிக் அமிலம் குடலைத் தூண்டி எல்லாவற்றையும் தள்ளிவிடும்.

குழாய் வேலையில் கதை வேறு. எரிவாயுவில் இருக்கும் மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும், அதனால் வெல்டிங்குக்கு முன் ஒரு முனையில் நைட்ரஜனைச் செலுத்தி, மறுமுனையில் வாயுவை அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்து, எரிவாயு போய்விட்டது என்று உறுதியான பிறகுதான் கை வைக்க வேண்டும். இதில் தயவுசெய்து யாரையும் அவசரப்படுத்தாதீர்கள்.

அப்புறம் அரசியல்: தலைமைக்கு வேண்டாதவர்களைக் கூண்டோடு ஒழிப்பது. சோவியத் தலைவர் ஜோசப் ஸ்டாலின் நடத்தியது இதில் மிகக் கொடூரமானது. 1937, 1938 இரண்டே ஆண்டுகளில் சுமார் 6.8 லட்சம் பேருக்கு மரண தண்டனை என்று சோவியத்தின் சொந்த ஆவணங்களே சொல்கின்றன. இதை நம் ஆட்கள் வயலில் களையெடுப்பது போல எழுதுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

கணினியில் பழைய தரவை மீட்க முடியாதபடி அழிப்பதற்கும் இதே பெயர்தான்.