உடைந்த கண்ணாடிக் கதவு

வணக்கம் ஐயா,

எங்கள் கல்லூரியில் மாணவர் பேரவைச் செயலாளராக இருக்கிறேன். விடுதி மெஸ் கட்டண உயர்வை எதிர்த்துச் சென்ற மாதம் ஒரு நாள் சாப்பாட்டைப் புறக்கணித்தோம். பஸ், நூலக நேரம், தேர்வுக் கட்டணம் என்று பட்டியலில் மொத்தம் 11 கோரிக்கைகள். மதியம் யாரோ கேலி செய்ததில் இரண்டு மாணவர்கள் மெஸ் கண்ணாடிக் கதவை உடைத்துவிட்டார்கள். நிர்வாகம் அதையே காரணம் காட்டி எல்லாவற்றையும் மறுத்துவிட்டது. மறுநாள் கூட்டம் போட்டு இருவரையும் பேரவையிலிருந்து நீக்கினோம். தவறிலிருந்து பாடம் கற்றுவிட்டோம் என்றார்கள் நண்பர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பேரவைச் செயலாளர் (பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பிக்கு,

குற்றவாளிகள் கிடைத்துவிட்டார்கள், தீர்ப்பும் ஆகிவிட்டது. பாடம் எப்போது நடந்தது என்றுதான் எனக்கும் புரியவில்லை.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து மாணவர்களைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே கடைகளின் உணவு மேசைகளில் கறுப்பின மக்களுக்குப் பரிமாற மாட்டார்கள். அதை எதிர்க்கக் கிளம்பியவர்கள் இவர்கள். 1959இல் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் ஜேம்ஸ் லாசன் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு நாக்பூரில் தங்கிக் காந்தியின் வழியைப் படித்தவர் அவர். நாற்காலிகளை உணவகம்போல வரிசையாகப் போட்டுச் சிலர் உட்காருவார்கள். மற்றவர்கள் வெள்ளையர்களாக நடித்து வசை பாடுவார்கள், பிடித்துத் தள்ளுவார்கள். பிறகு யாருக்கு எங்கே நிதானம் தவறியது என்று எல்லோரும் பேசுவார்கள். அந்த ஆண்டு நவம்பரிலும் டிசம்பரிலும் சிறு குழுவாக இரண்டு கடைகளுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தார்கள். பரிமாற மறுத்ததும் அமைதியாக எழுந்து வந்துவிட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோராக இறங்கியது 1960 பிப்ரவரி 13இல்தான். இரண்டு வாரத்தில் உண்மையான அடி விழுந்தது. அடி வாங்கியவர்களையே போலீஸ் கைது செய்தது. மே 10ஆம் தேதி நகரின் ஆறு கடைகள் தங்கள் உணவு மேசைகளைக் கறுப்பின மக்களுக்குத் திறந்தன.

கேலி வரும் என்று உங்களுக்குத் தெரியாதா? விடுதி மொட்டை மாடியில் ஒரு மாலை நீங்களே ஒருவரையொருவர் கேலி செய்து பார்த்திருந்தால் அந்தக் கோபம் செலவில்லாமல் அங்கேயே வெளிப்பட்டிருக்கும்.

அடுத்து உங்கள் 11 கோரிக்கைகள். 1961இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனி நகரில் இதே தலைமுறை மாணவர்கள் பஸ் நிலையம், நூலகம், பூங்கா என்று எல்லாப் பாகுபாட்டையும் ஒருசேர எதிர்த்தார்கள். போலீஸ் தலைவர் லாரி பிரிட்செட் கெட்டிக்காரர். நாலு பேர் பார்க்க அடிக்கவில்லை. உள்ளூர்ச் சிறை நிரம்பினால் என்ன செய்வது என்று யோசித்துச் சுற்று வட்டாரச் சிறைகளில் முன்கூட்டியே இடம் பிடித்து வைத்தார். டிசம்பரில் 700 பேருக்கு மேல் உள்ளே போயும் நகரம் அசையவில்லை. குறிப்பிட்ட ஒன்றைப் பிடித்துக்கொள்ளாமல் பொதுவாக எதிர்த்தது தவறு என்று அந்தப் போராட்டத்தில் வந்து சேர்ந்த மார்ட்டின் லூதர் கிங் பிற்பாடு ஒப்புக்கொண்டார். அந்தப் பாடத்தோடு 1963இல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் கடைவீதி வியாபாரத்தைக் குறிவைத்தார்கள்.

இதில் இன்னொன்றும் உண்டு. ஆல்பனிக்கு முதலில் போன மாணவர் ஊழியர்களில் ஒருவரான சார்லஸ் ஷெராட் அந்த வட்டாரத்தை விட்டுப் போகவில்லை. 1976இல் அதே ஊர் நகர மன்றத்துக்குத் தேர்வானார். ஆல்பனியைத் தோல்வி என்று கிளம்பிப் போனவர்கள் சொன்ன அளவுக்கு அங்கேயே இருந்தவர்கள் சொல்லவில்லை என்று எனக்குப் படுகிறது.

என் கல்லூரி நாட்களில் நானும் ஒருவனை வெளியே அனுப்பியிருக்கிறேன். கூட்டத்துக்கு மைக் ஏற்பாடு செய்ய மறந்தான் என்று குற்றச்சாட்டு. அந்த வேலையை நான் அவனிடம் சொல்லவே இல்லை என்பது ஓராண்டு கழித்து என் பழைய நோட்டைப் புரட்டியபோது தெரிந்தது. அதற்குள் அவன் வேறு கல்லூரிக்கு மாறிவிட்டிருந்தான்.

அடுத்த கூட்டத்துக்கு அந்த இருவரையும் கூப்பிடுங்கள். அன்று என்ன சொல்லிக் கேலி செய்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். உங்கள் கடிதத்தில் அது இல்லை.